ஆந்தோங் சோஜு

கொரியத் தொடர்களில் பச்சைப் புட்டியில் வரும் சோஜு, பெரும்பாலும் எரிசாராயத்தில் தண்ணீரும் இனிப்பும் கலந்தது. வடித்தெடுக்கும் பழைய சோஜுவுக்குத் தென்கொரியாவின் ஆந்தோங்தான் பேர்போன ஊர். வேகவைத்த அரிசியை ஆற்றி, கோதுமையில் பூஞ்சை பிடிக்கவைத்த நூருக் கட்டியை உடைத்துச் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். பிறகு அதை அடுப்பேற்றி, மேலே இடை சிறுத்த சோஜுகோரி என்ற மண்கலத்தை வைத்து, பிசைந்த மாவால் இடுக்கை அடைக்கிறார்கள். கலத்தின் தலையில் குளிர்ந்த நீர். சூடேற ஏற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவி குளிர்ந்து மூக்கு வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் சொட்டுகள் கடுமையானவை, கடைசியில் வருவது நீர்த்தது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைப்பக்குவம். நான் வியப்பதும் அதைத்தான்.

1965இல், உணவுத் தட்டுப்பாட்டால் அரிசியில் மது வடிக்க அரசு தடை போட்டது. அப்படியும் இந்தக் கலை அழியவில்லை. 1987இல் மாகாணப் பண்பாட்டுச் சொத்தானது. 45 சதவீத வீரியம். சின்னக் கிண்ணத்தில் நிதானமாக உறிஞ்சினால், காரம் அடங்கியதும் அரிசி மணம் எழும்.