மண்ணும் வாய்மொழியும்: வில்னா அகழாய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

அழிக்கப்பட்ட மக்கட் கூட்டமொன்றின் வரலாற்றை அறிதற்கு அகழாய்வு எத்துணைப் பயன்படும் என்னும் வினா, இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பிய யூதர் எய்திய பேரழிவை ஆராய்வோரிடையே எழுந்துள்ளது. நிகழ்ந்த கொலையை மெய்ப்பித்தலே அதன் தலையாய பயன் என்பர் சிலர். அக்கொள்கை பொருந்துமா என்பதை, லிதுவேனியத் தலைநகராகிய வில்னியசில், அஃதாவது யூதர் வழக்கில் வில்னாவில், நடந்த இரண்டு ஆய்வுகளைக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

நகரை அடுத்துள்ள பொனாரிக் காட்டில், எண்ணெய்த் தொட்டிகள் அமைத்தற்குச் சோவியத்து ஆட்சியினர் பெருங்குழிகள் தோண்டியிருந்தனர். 1941 முதல் 1944 வரை செருமானியரும் அவர்க்குத் துணைநின்ற உள்நாட்டாரும் அக்குழிகளின் அருகே ஏறத்தாழ 1,00,000 பேரைச் சுட்டுக் கொன்றனர். அவருள் 70,000 பேரளவினர் யூதர். பின்னர்த் தடயத்தை அழிக்கக் கருதி, பிணங்களை எடுத்து எரிக்கும் தொழிலில் கைதிகள் எண்பதின்மரை ஏவினர். அக்கைதிகள் கையாலும் கரண்டியாலும் மண்ணைக் குடைந்து, 1944 ஏப்பிரல் 15 இரவில் சுரங்கவழியே தப்ப முயன்றனர். போர் முடிவு வரை உயிர் எஞ்சினோர் பதினொருவரே. 2016-இல், மண்ணினூடே மின்னோட்டம் செலுத்தி அதன் தடையை அளக்கும் முறையால், சுமார் 35 மீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தின் போக்கு கண்டறியப்பட்டது.

இதனால் தப்பியோர் கூற்று மெய்யாயிற்று என்று கூறுவது எமக்கு உடன்பாடன்று. அவர் கூற்று முன்னரே மெய். அக்கூற்று இல்லையேல், கருவி காட்டிய கோடு நெகிழ்ந்த மண் என்பதன்றி வேறு பொருள் தாராது. ஆயினும் இம்முறைக்கு வேறொரு சிறப்புண்டு. இறந்தோர் உறங்குமிடத்தைக் கலைத்தலை யூத சமய மரபு விலக்கும். மண்வெட்டி படாமலே ஆராய்ந்தமையால் அம்மரபும் காக்கப்பட்டது.

எனினும் பொனாரி, அம்மக்கள் மாண்ட வகையையே உரைக்கும். வாழ்ந்த வகையை உரையாது. அதனை அறிய நகரினுள் பெருந்தொழுகைக்கூடம் நின்ற இடத்துக்குச் செல்லல் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கூடம் கிறித்தவக் கோயில்களினும் உயர்தலாகாது என்னும் விதியால், அதன் தளத்தைத் தெருமட்டத்தினும் ஆழத்தில் அமைத்தனர். ஆதலின் வெளியே நிற்பார்க்குத் தாழ்ந்தும் உட்புகுவார்க்கு ஓங்கியும் அது தோன்றிற்று. போரிற் சிதைந்த அதன் எச்சத்தைச் சோவியத்து ஆட்சியினர் 1950-களின் நடுவில் இடித்து, அவ்விடத்தே பள்ளியொன்று கட்டினர். கொன்றவர் ஒருவர், நினைவை மூடியவர் மற்றொருவர் என்க.

இசுரேலியரும் லிதுவேனியரும் கூடி நிகழ்த்திய அகழாய்வில், 2018-இல், தலைமையாசிரியர் அறையாயிருந்த இடத்தின் கீழே மறைநூல் ஓதும் மேடையின் அடிப்பகுதி வெளிப்பட்டது. இதனையே பலரும் வியந்து போற்றுவர். ஆயின் மேடையின் உருவத்தைப் பழைய படங்களாலும் அறியலாம். அதற்கு முந்திய ஆண்டிற் கிடைத்த இரண்டு சடங்கு நீராட்டுத் தொட்டிகளே எம் கருத்தில் அதனினும் அரியன. மணநாளுக்கு முன் மணமகள் மூழ்கி எழுந்த நீர்த்துறை அது. கொன்றவர் எழுதி வைத்த எப்பட்டியலிலும் அதற்கு இடமில்லை.