தெ லா சாலின் இறுதிச் சாசனம்: விடைபெறும் உரையின் மௌனங்கள்

சமயத் தலைவர்கள் தம் பணியிலிருந்து விடைபெறும் வேளையில் விட்டுச்செல்லும் உரைகளை நாம் பெரும்பாலும் பக்தி நூல்களின் வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவற்றை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு, சொல்லையும் அமைப்பையும் ஆராயும் வழக்கம் தமிழில் மிகக் குறைவு. வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன் பாடல்களையும் பறம்பை நீங்கும் கபிலர் பாடல்களையும் பெற்றுள்ள மொழியில் இக்குறை சற்று வியப்பளிப்பதே. அக்குறையைக் கருத்திற்கொண்டே, யோவான் பப்திஸ்து தெ லா சால் (1651–1719) தம் இறப்புக்கு நான்கு நாட்களுக்கு முன் எழுதுவித்த சாசனத்தின் ஆன்மிகப் பகுதியை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

தெ லா சால் என்ற பெயர் இவ்வட்டார ஆசிரியர்களுக்கு அந்நியமன்று. அவர் தோற்றுவித்த கிறித்தவப் பள்ளிகளின் சகோதரர் சபையினர் 1852இல் இங்கு வந்திறங்கினர். பினாங்கின் செயின்ட் சேவியர் கல்விக்கூடமும் சிங்கப்பூரின் செயின்ட் ஜோசப் கல்விக்கூடமும் அவ்வாண்டில் தொடங்கியவை. அவற்றிலும் அவற்றின் கிளைகளிலும் பயின்ற தமிழர் பலர். ஆயினும், அப்பள்ளிகளின் முகப்பில் சிலையாக நிற்கும் மனிதர் தம் ஆசிரியர்களிடம் இறுதியாக என்ன சொன்னார் என்பதைத் தமிழில் எவரும் விரிவாக ஆராய்ந்ததாக நம் பார்வைக்கு வரவில்லை.

1719ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், புனித வாரத்துத் திங்கட்கிழமை, பிரான்சின் ரூவான் நகரை ஒட்டிய செயின்ட் யோன் இல்லத்தில் இச்சாசனம் உருவாயிற்று. 7ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, அவர் மறைந்தார். சாசனத்தின் ஆன்மிகப் பகுதி மிகச் சிறியது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தம் ஆன்மாவை இறைவனிடமும் பின்னர்ச் சகோதரர்களையும் அவனிடமே ஒப்படைக்கிறார். அக்காலத்தின் துயரச் சூழலில் திருச்சபைக்கு, குறிப்பாக உரோமைக்கு, முழுமையாகப் பணிந்திருக்க வேண்டுகிறார். அதன் பொருட்டே இரு சகோதரர்களைத் தாம் முன்பு உரோமைக்கு அனுப்பியதை நினைவூட்டுகிறார். நற்கருணை, மனச்செபம், கன்னி மரியாள், சூசையப்பர் ஆகியோர்பால் பக்தி கொள்ளச் சொல்கிறார். தம் கடமையை ஆர்வத்தோடும் எவ்வித ஆதாயமும் கருதாமலும் செய்ய வேண்டுகிறார். சகோதரர்கள் தமக்குள் நெருங்கிய ஒற்றுமையும், மேலாளர்களிடம் குருட்டுக் கீழ்ப்படிதலும் உடையவராக இருக்க வேண்டும் என்று கூறி முடிக்கிறார்.

முதல் வாசிப்பில் இது நம்மை ஏமாற்றுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாற்பதாண்டு காலம் ஆசிரியர்களை உருவாக்கிய ஒருவர், மாணவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கற்பிக்கும் முறை பற்றிக் குறிப்பில்லை. தாம் பட்ட பாடுகளும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குருவானவர் எவரும் எழுதியிருக்கக்கூடிய உரைதானே இது என்ற எண்ணம் எழுவது இயல்பு.

ஆனால் இவ்வகை உரைகளின் பொது இலக்கணத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறொன்று புலப்படும். கிறித்தவ மரபில் விடைபெறும் உரைக்கு முன்மாதிரியாக விளங்குவது, திருத்தூதர் பணிகள் நூலில் எபேசு சபையின் மூப்பர்களிடம் பவுல் ஆற்றும் உரை. அவ்வுரையில் தம் உழைப்பையும் கண்ணீரையும் சோதனைகளையும் பவுல் விரித்துரைக்கிறார். எவர் பொன்னையும் வெள்ளியையும் விரும்பாது தம் கைகளாலேயே உழைத்துப் பிழைத்ததைச் சான்று காட்டுகிறார். பேசுபவரின் வாழ்வே அறிவுரைக்கு அடிப்படையாகிறது. அம்முன்மாதிரியைப் பின்பற்ற தெ லா சாலுக்குப் போதிய காரணங்கள் இருந்தன. பதினாறு வயது நிறைவதற்குள் ரேம்ஸ் பேராலயத்தின் கேனன் பதவி பெற்ற செல்வக் குடும்பத்தவர் அவர். அப்பதவியை 1683இல் துறந்தார். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். பாரிஸின் எழுத்தாசான்கள் தொடுத்த வழக்குகளில் தோற்றார். இறுதிக் காலத்தில் ரூவான் மறைமாவட்ட ஆட்சியோடு ஏற்பட்ட பிணக்கு, சாகும் தறுவாயில் அவருடைய குருத்துவ உரிமைகளையே பறிக்கும் அளவுக்குச் சென்றது. இவற்றுள் ஒன்றேனும் சாசனத்தில் இடம்பெறவில்லை. உரோமைக்கு இருவரை அனுப்பியது ஒன்றே அவர் தம் செயலாகக் குறிப்பிடுவது.

இம்மௌனத்தைப் பணிவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பணிவு ஒரு குணம். இங்கு நாம் காண்பதோ நீண்டநாள் திட்டம். 1694 சூன் 6ஆம் நாள் பன்னிரு சகோதரர்களோடு சேர்ந்து அவர் வாழ்நாள் வார்த்தைப்பாடு கொடுத்தார். மறுநாள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது, குருவானவரல்லாத ஒரு சகோதரரையே தேர்ந்தெடுக்குமாறு வற்புறுத்தினார். அவர்கள் ஒருமனதாக அவரையே தேர்ந்தெடுத்தனர். மீண்டும் வாக்களிக்கச் செய்தபோதும் முடிவு மாறவில்லை. உடனே ஓர் ஆவணம் எழுதி அனைவரிடமும் கையொப்பம் பெற்றார்: தமக்குப் பின் எந்தக் குருவானவரும் இச்சபைக்குத் தலைவராகக் கூடாது என்பது அதன் சாரம். சபையினர் குருக்களல்லர்; கற்பித்தலையே முழு அழைப்பாகக் கொண்டவர்கள். அவர்கள் மேல் ஒரு குரு தலைவராக இருக்கும்வரை ஆசிரியப் பணி தன்னளவில் நிறைவானது என்பது நிலைபெறாது என்று அவர் கருதியிருக்க வேண்டும். 1717இல், பர்த்தலோமேயு என்னும் சகோதரர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருடைய இருபத்து மூன்று ஆண்டு முயற்சி நிறைவேறியது. அதன்பின் தம்மினும் இளையவரான அத்தலைவரிடம் அனுமதி கேட்டே அவர் நடந்துகொண்டார் என்று முதல் வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர்.

இந்நிலையில் 1719ஆம் ஆண்டுச் சாசனம் ஒரு தலைவரின் உரையே அன்று. தலைமையை ஈராண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்ட ஒருவர் சாதாரண உறுப்பினராக நின்று பேசும் உரை அது. பள்ளி நடத்தும் முறையைப் பற்றி அவர் ஏன் பேசவில்லை என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. அது ஏற்கெனவே ‘பள்ளிகளின் நடத்தை’ என்னும் நூலாகச் சகோதரர்களின் கையில் இருந்தது. பல ஆண்டுகள் அவர்களோடு கலந்து பேசித் திருத்தப்பட்ட அந்நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1720இல் அச்சேறியது. பொதுச்சொத்தாகிவிட்ட ஒன்றைச் சாசனத்தில் தம் உடைமைபோல் மீண்டும் எழுதிவைக்க அவர் விரும்பவில்லை எனலாம்.

மிகுந்த இடர் தருவது கீழ்ப்படிதல் பற்றிய இறுதிப் பகுதியே. ஆசிரியர்களாகிய நமக்கு அச்சொல் இனிப்பதில்லை. சுற்றறிக்கைகளுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர்கள், சமயத்தின் பெயரால் அதையே மீண்டும் கேட்க விரும்பமாட்டார்கள். எனினும் இதனை 1714ஆம் ஆண்டு நிகழ்வோடு இணைத்துப் படித்தல் வேண்டும். பாரிஸில் வழக்கும் அவமதிப்பும் சூழ்ந்த நிலையில் தெ லா சால் 1712இல் தென்பிரான்சுக்குச் சென்றார். தம்மால் சபைக்குத் தீங்கே விளைகிறது என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1714 ஏப்ரல் 1ஆம் நாள் பாரிஸ் பகுதியின் முதன்மைச் சகோதரர்கள் அவருக்கு ஒரு மடல் எழுதினர். அன்பும் மரியாதையும் ததும்பத் தொடங்கும் அம்மடல், இறுதியில் ஆணையாக மாறுகிறது. சபைக்குக் கீழ்ப்படிவதாக அவர் வாக்களித்ததை நினைவுறுத்தி, அச்சபையின் பெயராலேயே உடனே திரும்பிப் பொறுப்பேற்கக் கட்டளையிடுகிறது. கடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள், இறையியல் முனைவரான ஒரு குருவுக்கு இட்ட ஆணை அது! அவர் அவ்வாண்டு ஆகஸ்டில் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

ஆகவே சாசனம் கோரும் கீழ்ப்படிதலை அவர் முன்பே தம் சகோதரர்களுக்குச் செலுத்தியிருந்தார். மேலிருந்து கீழாக மட்டும் பாயும் அதிகாரத்தை அவர் மனத்தில் கொள்ளவில்லை என்பதற்கு இஃது ஒன்றே போதும். ஆயினும் இவ்விளக்கத்தை எல்லை கடந்து நீட்ட நாம் விரும்பவில்லை. சாசனத்தில் அந்த 1714 இல்லை. மடலை அறியாத இளஞ்சகோதரர் ஒருவர் இவ்வரிகளை மட்டும் படித்தால் வினாவற்ற பணிவையே கற்றுக்கொள்வார். எழுதியவர் தம் வரலாற்றை மறைத்துக்கொண்டதன் விலை இது. தம்மை அழித்துக்கொள்ளும் உரை, தன் சொற்களுக்குப் பொருள்தரும் சூழலையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. இதனைக் குறையென்றே நாம் கருதுகிறோம்.

ஒப்புநோக்க அவருடைய பிறிதோர் எழுத்து உதவும். சபையின் தொடக்கம் பற்றி அவர் எழுதிய நினைவுக்குறிப்பின் பகுதிகள் முதல் வரலாற்றாசிரியர்கள் வழியே நமக்குக் கிடைத்துள்ளன. பள்ளி ஆசிரியர்களைத் தம் வேலையாளினும் தாழ்ந்தவராகவே முதலில் கருதியதையும், அவர்களோடு ஒருநாள் வாழ நேரும் என்று அறிந்திருந்தால் அப்பணியைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பதையும் அதில் ஒளிக்காமல் எழுதுகிறார். ஒரு பொறுப்பு மற்றொன்றுக்கு இட்டுச் செல்ல, இறைவன் தம்மை மெல்ல மெல்ல நடத்திச் சென்றதாகச் சொல்கிறார். வர்க்க உணர்வை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் எழுத்து அக்காலத்தில் அரிது. அந்தக் குரலின் ஒரு துளியேனும் சாசனத்தில் இருந்திருப்பின் அஃது எவ்வளவோ உயர்ந்திருக்கும்.

ஆதாயம் கருதாமை பற்றிய சொற்றொடருக்கு வருவோம். பக்தி உரைகளில் இது தேய்ந்த சொல். தெ லா சாலிடம் அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு: பள்ளியில் கட்டணம் இல்லை, பெற்றோரிடமிருந்தோ மாணவரிடமிருந்தோ அன்பளிப்பும் வாங்கலாகாது. எழுத்தாசான்கள் அவர்மீது வழக்குத் தொடுத்ததே இதனால்தான். இலவசப் பள்ளியில் ஏழைகளோடு, கட்டணம் செலுத்த வல்லவர் பிள்ளைகளும் அமர்ந்தனர். இதனோடு இணைந்தது மொழி பற்றிய முடிவு. வாசிப்பை இலத்தீனில் தொடங்குவதே அந்நாள் வழக்கம். சார்த்ர் நகர ஆயர் அவ்வழக்கை ஆதரித்தபோது, தெ லா சால் காரணங்களை அடுக்கி மறுத்தார்: ஏழைப் பிள்ளைகள் விரைவில் வேலைக்குப் போய்விடுவர்; அறியாத மொழியில் தொடங்கினால் எதிலும் வாசிக்கக் கற்காமலே பள்ளியை நீங்குவர்; தம் மொழியில் வாசிக்கக் கற்றவனுக்கோ இலத்தீனும் எளிதாகும். சாசனத்தின் ஒற்றைச் சொற்றொடருக்குள் இத்தனையும் அடங்கிக் கிடக்கின்றன.

இங்கேதான் நம் மண்ணின் வரலாறு குறுக்கிடுகிறது. 1852க்குப் பின் அவர் வழிவந்தோர் இங்கு நடத்தியவை ஆங்கிலப் பள்ளிகள். அரசு மானியத்தோடு கட்டணமும் பெற்றவை. ஏழைகள் சிலருக்கு விலக்கு அளிக்கப்பட்டது உண்மையே. எனினும் தாய்மொழியில் தொடங்குக என்ற நிறுவனரின் வாதம் கடல் கடந்து வரவில்லை. குடியேற்ற ஆட்சியில் ஆங்கிலமே வேலைக்கு வழி என்ற நிலை அதற்குக் காரணம் என்று சொல்லப்படலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டிருந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். சாசனம் தன் கருத்தை விரித்துச் சொல்லியிருந்தால் இந்நிலை மாறியிருக்குமா என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் சுருங்கச் சொல்லப்பட்ட கொள்கை எளிதில் வெறும் குணநலனாகத் திரிந்துவிடும் என்பதற்கு இது சான்று.

இவ்வுரையைத் தமிழாக்க முனைவோர் இரு சொற்களில் தடுமாற நேரும். ஆதாயம் கருதாமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் ‘பற்றின்மை’ என்று எழுதினால் குறளின் துறவறவியல் நம் காதில் ஒலிக்கும். பள்ளிக் கட்டணம் மறைந்துபோகும். ‘தன்னலமின்மை’ பொதுப்படையானது. ‘ஊதியம் கருதாமை’ என்பதே மூலத்துக்கு அண்மையில் நிற்கிறது. குருக்களல்லாத உபதேசியாருக்கென வீரமாமுனிவர் அதே நூற்றாண்டில் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இத்தகைய மொழிபெயர்ப்புக்கு உரிய நடையைத் தேடுவோருக்குத் துணைபுரியும். மற்றொன்று, கீழ்ப்படிதலுக்கு முன் நிற்கும் ‘குருட்டு’ என்னும் அடை. அதனை ‘முழுமையான’ என்றோ ‘மனமுவந்த’ என்றோ மென்மையாக்கும் ஆசை எழும். அதனை அப்படியே வைப்பதே முறை என்பது நம் கருத்து. அடிக்குறிப்பில் 1714ஆம் ஆண்டு மடலைச் சேர்க்கலாம்.