வேருக்குக் காற்று வேண்டும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் பனைகளைக் கவனித்துக்கொண்டே வந்தால், ஏதாவது ஒன்றில் மட்டை வெட்டிய இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருக்கும். அங்கே தங்கிய தூசும் சருகும் பறவை எச்சமும்தான் அதற்கு மண். பிரம்மகமலம் என்று வீடுகளில் நாம் வளர்க்கும் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம் என்ற கள்ளியும் மெக்சிகோ, குவாதமாலா காடுகளில் இப்படித்தான் மரக்கிளை இடுக்குகளில் வாழ்கிறது. ஆல் வளர வளரப் பனையை நெரித்துவிடும். இந்தக் கள்ளிக்கு உட்கார இடம் போதும்.

கள்ளிதானே என்று இதை மொட்டைமாடி வெயிலில் வைப்பவர்கள் உண்டு. ரோஜாவுக்குப் போடுவதுபோல் செம்மண்ணும் தொழுவுரமும் அழுத்தி நிரப்புபவர்களும் உண்டு. முதல் செடி கருகும், அடுத்தது அழுகும். மரத்தில் வாழப் பிறந்த செடியின் வேருக்கு மண்ணைவிடக் காற்று முக்கியம். வளர்க்கும் கலை முழுவதும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

வேருக்குக் காற்று கொடுக்கும் கலவைக்கு நம் வட்டாரத்தில் ஒரு கொடுப்பினை, மல்லாட்டை என்னும் நிலக்கடலை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களைத் தெரியாத கடலை விவசாயி இருக்க மாட்டார். அந்தக் கடலை ஓட்டை ஒரு மழைக்காலம் வெளியில் கிடக்கவிட்டு, பழுப்பேறியதும் எடுத்துக்கொள்ளலாம். கடலை ஓடு ஒரு பங்கு, தேங்காய் உரிமட்டைத் துண்டு ஒரு பங்கு, கரித்துண்டும் உடைந்த மண்ணோட்டுச் சில்லும் சேர்ந்து அரைப் பங்கு, மேலே இரண்டு கைப்பிடி மட்கிய இலைத்தூள். மண்தொட்டியில் இதை அழுத்தாமல் கொட்ட வேண்டும். ஊற்றிய தண்ணீர் உடனே அடித்துளை வழியாக ஒழுகினால் கலவை சரி. மேல்பகுதி காய்ந்த பிறகே மறுபடி தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள தெருக்களில் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் செடியின் தெளிவே வேறு.

கிழக்குப் பார்த்த தாழ்வாரமோ வேப்பமர நிழலோ இதற்கு ஏற்ற இடம். காலை ஒன்பது மணி வரை இளவெயில், அதன்பின் வெளிச்சம் மட்டும். வெயில் கூடினால் தண்டு மஞ்சளித்துச் சிவக்கும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைக்கும் செடி இது. அதனால் மே மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுவதே நல்லது. மாவுப்பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்; அதையும் மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

பூவுக்காகக் காத்திருப்பவர்கள் இந்தச் செடியின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. இலை என்று நாம் நினைப்பது தட்டையான தண்டு. அடியிலிருந்து உருளையான தண்டு நெடுநெடுவென்று எழும்பும். அதிலிருந்து பிரியும் தட்டைத் தண்டுகள் தம் எடையிலேயே வளைந்து தொங்கும். விளிம்பெங்கும் பள்ளம் பள்ளமாகக் கணுக்கள். அலங்கோலமாக நீள்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். முற்றிய தண்டுதான் பூக்கும்.

கோடை மழை ஓய்ந்து ஆடி, ஆவணி வரும்போது அந்தக் கணுக்களை உற்றுப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையளவு ஒரு புடைப்பு. அது தட்டையாக நீண்டால் புதுக் கிளை. உருண்டு, செந்நிறச் செதிலோடு திரண்டால் மொட்டு. மூன்று நான்கு வாரம் அது வளரும். அதுவரை தொட்டியை இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் மொட்டு உதிரலாம். தொங்கிய காம்புக்குழல் மேல்நோக்கி வளைந்து, மொட்டு உப்பினால் அன்று இரவே பூ. எட்டு மணிவாக்கில் இளஞ்சிவப்புப் புறவிதழ்கள் விலகும். உள்ளே வெள்ளிதழ்கள் லேசாக அதிர்ந்து அதிர்ந்து பிரிவது கண்ணுக்கே தெரியும். நள்ளிரவுக்குள் உள்ளங்கையைவிட அகலமாக விரிந்துவிடும். மகரந்தக் கொத்துக்கு நடுவே சூல்முடி பல கீற்றாகப் பிரிந்து நிற்கும். அந்த வெண்மையும் நீண்ட குழலும் தெரு வரை எட்டும் மணமும் இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிக்கானவை. அந்தப் பூச்சி இங்கே தேடி வராவிட்டாலும் அக்கம்பக்கத்தார் வருவார்கள். குங்குமம் வைத்து விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். விடிவதற்குள் பூ துவண்டுவிடும்.

வந்தவர்களுக்கு ஒரு தண்டை ஒடித்துக் கொடுப்பது வழக்கம். இந்தச் செடி ஊர் முழுக்கப் பரவியதில் கடையைவிட இந்த வழக்கத்துக்கே பங்கு அதிகம். ஒரு சாண் தண்டை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு நட்டால் வேர் பிடிக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். தண்டோடு ஒரு பை கடலை ஓட்டுக் கலவையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்கிப்போகிறவர் வீட்டிலும் அது பூக்க வேண்டும் அல்லவா?