மெழுகில் நிற்கும் சுரம்

தஞ்சாவூரில் அந்தப் பட்டறைக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று வீணை எதுவும் என் கண்ணில் படவில்லை. கணுக்கால் புதையும்படி பலாமரச் சிராய்தான் கிடந்தது. பச்சை மஞ்சளை உடைத்தால் உள்ளே தெரிகிற நிறம். மூலையில் ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்து ஒரு கட்டையின் வயிற்றுக்குள் உளியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு வீணை செஞ்சு தரணும் ஐயா" என்றேன்.

அவர் நிமிர்ந்து முதலில் பார்த்தது என் இடது கையை. "விரலக் காட்டுங்கம்மா" என்றார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி உழுத தழும்பைத் தன் கட்டைவிரலால் தடவினார். "முப்பது வருஷத்துக் காய்ப்பு." முப்பத்திரண்டு என்றேன். "சின்னக் கை. தண்டியக் கொஞ்சம் ஒடுக்கிடலாம்." அப்புறம் வரிசையாகக் கேள்விகள். எந்தச் சுருதியில் வாசிக்கிறேன், விரலில் கம்பி மாட்டுவேனா நகத்தாலா, அதிகம் வாசிக்கிற ராகம் எது. விலை பேச்சு கடைசியில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அம்மாவிடமிருந்து வந்த ஒட்டு வீணையில்தான் இத்தனை காலமும் வாசித்தேன். அதை இப்போது மகள் எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்கென்று ஒன்று செய்யச் சொல்வது இதுவே முதல் தடவை. அதன்பின் எட்டு மாதங்களில் ஆறு முறை தஞ்சாவூருக்குப் போய்வந்தேன். பாதி நேரம் எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருப்பேன்.

பழத்துக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரங்கள்தான் தலைமுறைகளாகத் தஞ்சை வீணைக்குப் போகின்றன. எடை குறைவு, பூச்சி அரிக்காது, ஈரத்துக்கு எளிதில் கோணாது, உளிக்கும் வணங்கும். மிருதங்கக் கட்டையும் பலாதான். மேடையில் வீணையும் மிருதங்கமும் இழையும்போது இரண்டுக்கும் ஒரே மரம்தான் உடம்பு என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. மூன்றும் ஒரே மரத்துண்டிலிருந்து எழுந்தால் ஏகாண்ட வீணை. ஏகாந்தம் என்று சொல்பவர்களும் உண்டு. ஏகாண்டத்துக்குக் குடத்தின் பருமன் முழுவதற்கும் இடம் தருகிற அடிமரம் வேண்டும். குடத்தைத் தாண்டியதும் தண்டிக்காகச் சுற்றியுள்ள மரமெல்லாம் செதுக்கித் தள்ளப்படும். நாலடிக் கட்டையில் வீணையாக எஞ்சுவதைவிடச் சிராயாகப் போவதே அதிகம். ஒட்டில்லாத உடம்பில் கார்வை நீளும் என்பார்கள். என் காதுக்கும் அப்படித்தான் படுகிறது. நான் ஏகாண்டமே கேட்டேன்.

இரண்டாம் முறை போனபோது என் கட்டைக்கு உருவம் வந்திருந்தது. வெளிப்புறத்தை வாச்சியால் செதுக்கி முடித்து, குடத்தைக் குடைந்துகொண்டிருந்தார். இந்தக் கட்டத்தில்தான் நான் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன். கொட்டாப்புளியால் உளியின் தலையில் நாலு தட்டு, பிறகு உளியை வைத்துவிட்டுக் குடத்தின் வெளிப்புறத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு. மறுபடி நாலு, மறுபடி ஒன்று. எங்கே சத்தம் அடைத்துக்கொண்டு வருகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் எடுக்கிறார். எங்கே அது உருண்டு திரும்பி வருகிறதோ அங்கே கை நிற்கிறது. அளவுகோல் எதுவும் பக்கத்தில் இல்லை. சுவர் தடித்தால் குடம் ஊமையாகிவிடும். அளவுக்கு மீறி மெலிந்தால் மீட்டியதும் பளீரென்று எழுந்து அடுத்த நொடியே அணைந்துவிடும், கார்வை இராது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை என்பதால் கடைசிச் சில சீவல்களுக்கு உளியை விட்டுவிட்டு வளைந்த சுரண்டியை எடுத்தார். அந்தச் சீவல்கள் வெங்காயத் தோல் போல மெல்லியவை. ஒன்றை எடுத்து என் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்ன கேக்குறீங்க ஐயா தட்டிப் பாக்கும்போது?"

"எல்லாப் பக்கமும் ஒரே குரல் வரணும்மா. ஒரு பக்கம் ஆம்பளக் குரலும் ஒரு பக்கம் பிள்ளக் குரலும் வந்தா, வாசிக்கிறப்போ சில சுரம் மட்டும் தூக்கிக் கேக்கும்."

நான் வாசித்த பழைய வீணையில் பஞ்சமம் மட்டும் எப்போதும் தனியாக முழங்கும். முப்பத்திரண்டு வருடம் அதை என் கைக் குறை என்றே எண்ணி, அந்தச் சுரத்தில் விரலை அடக்கி அடக்கி வாசித்திருக்கிறேன். அன்று ராத்திரி ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

குடைந்த கட்டை காய்வதற்காக நிழலில் கிடந்தது. அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காய்ந்த பின் குடத்தின் வாயைப் பலகையால் மூடி, அதில் சிறு துளைகளை வட்டமாக இட்டார்கள். தண்டியும் உள்ளே குடையப்பட்டதுதான். அதன் மேலும் ஒரு பலகை. அலங்காரத்துக்கு முன்பெல்லாம் மான்கொம்பும் தந்தமும் பதிப்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த இடத்தை வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு பிடித்துக்கொண்டது. அதில் கொடிகளைக் கீறி, கீறலில் வண்ணம் நிரப்புகிறார்கள். வீணை வாங்க வருபவர்கள் பலரும் இந்தக் கொடிகளையும் யாளியின் பிதுங்கிய கண்களையும் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் தஞ்சை வீணையின் மேன்மை அங்கே இல்லை என்பது என் துணிபு. எனக்கு ஓரத்தில் ஒற்றைக் கோடு போதும், யாளிக்குப் பொன் வண்ணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பெரியவருக்கு அதில் வருத்தமில்லை. யாளி செதுக்கிய இளைஞருக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

மேன்மையின் ஒரு பாதி குதிரையில் இருக்கிறது. பலகையின் மேல் நிற்கும் மரக் குதிரையின் தலையில் அகலமான உலோகத் தகடு ஒன்று பதிந்திருக்கும். தந்திகள் அதன் மேல் ஏறித்தான் அவற்றின் முனைகளைப் பிடித்திருக்கும் நாகபாசத்துக்குப் போகின்றன. வயலினின் குதிரை கத்தி விளிம்பு போல் கூர்மையானது. தந்தி ஒரே இடத்தில் நின்றுவிடும். வீணையின் தகடோ கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்தது. அதிரும் தந்தி அந்தக் குவிவின் மேல் படுவதும் எழுவதுமாக உரசிக்கொண்டே இருக்கிறது. சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1921இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை அதன் கணு ஒன்றில் மீட்டினால் அந்தக் கணுவுக்குரிய மேற்சுரம் எழாது என்பது ஐரோப்பிய ஒலியியலில் ஊன்றிப்போன விதி. வீணையிலும் தம்புராவிலும் அது எழுகிறது, அதுவும் வலுவாக எழுகிறது என்று அவர் காட்டினார். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் இதைச் செய்கிறது. வீணையில் நூல் இல்லை, தகட்டின் வளைவே போதும். ராமனின் மனைவி லோகசுந்தரி வீணை வாசிக்கத் தெரிந்தவர். அந்த வீட்டின் காதுகளுக்கு இந்த ஒலி முன்பே பழக்கமாயிருக்கும்.

அந்தத் தகட்டை அரம் போட்டு இழைக்கிற வேலைக்கு ஒரு முழுக் காலை போயிற்று. இரண்டு இழுப்பு, தந்தியை ஏற்று, மீட்டு, இறக்கு, மறுபடி இரண்டு இழுப்பு. முதலில் தந்தி மொட்டையாகப் பேசியது. பிறகு குளவி அடைபட்டதுபோல் இரைந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வந்தபோது பெரியவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். அதுதான் முடிந்ததற்கு அடையாளம். குரலுக்குள்ளேயே தம்புரா சேர்ந்து ஒலிக்கிறதென்று கேட்பவர்கள் சொல்கிற அந்த ரீங்காரம், அன்று காலையில் அந்த அரத்தின் அடியில்தான் பிறந்தது.

மறுபாதி மேளம். 24 மெட்டுகளையும் தண்டியின் மேல் நிறுத்துவதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். இதில் தஞ்சாவூருக்கு நேரடி உரிமை உண்டு. ஒரு காலத்தில் வீணையில் மெட்டுகள் குறைவு. ராகம் மாறினால் மெட்டுகளை நகர்த்த வேண்டியிருந்தது. ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகளை நிலையாக நிறுத்தி, எந்த ராகத்தையும் அதே வீணையில் வாசிக்கும்படி செய்த ஏற்பாடு, 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் பெயரால் வழங்குகிறது. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர். அவர் மகன் வேங்கடமகிதான் 72 மேளகர்த்தாக்களைக் கணக்கிட்டு வகுத்தவர். அந்தக் கணக்கின் பன்னிரண்டு சுர வீடுகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வீணையின் தண்டியைப் பார்த்தால் போதும்.

நிலையான மெட்டு என்கிறோம். அது நிற்பதோ மெழுகில். தேன்மெழுகில் கரித்தூளைச் சேர்த்துக் குழைத்த கறுப்புக் களி தண்டியின் இரு ஓரங்களிலும் இரண்டு வரப்புகளாக ஓடுகிறது. வெண்கல மெட்டுகள் ஒவ்வொன்றின் இரண்டு நுனிகளும் அந்த வரப்புகளில் புதைந்து நிற்கின்றன. ஏன் திருகாணி போட்டு இறுக்கவில்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பதிலை இந்த வயதில் பார்த்தேன்.

மேளம் கட்டும் நாளில் பெரியவர் என்னை வரச் சொல்லியிருந்தார். நான் வாசிக்கிற இரண்டரைக் கட்டைக்குச் சுருதி சேர்த்தாயிற்று. முதலில் தற்காலிகமாகச் சில மெட்டுகளை மட்டும் ஒட்டி, "கொஞ்சம் தோடி வாசிங்கம்மா" என்றார். ரிஷப மெட்டில் விரலை வைத்து நான் காந்தாரத்தை இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். திறந்த கண்ணோடு என் விரலின் நகத்தடி வெளுப்பதைத்தான் பார்த்தார். "அழுத்தம் ஜாஸ்தி உங்களுக்கு" என்றார்.

அழுத்தினால் தந்தி இழுபட்டுச் சுருதி ஒரு நூல் ஏறும். ஆகவே கணக்குப்படி வரவேண்டிய இடத்திலேயே மெட்டை வைத்தால் சுரம் தப்பும்; யாளியின் பக்கம் மயிரிழை தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பது வாசிப்பவரின் அழுத்தத்தைப் பொறுத்தது. முதல் தந்தியான சாரணி மெல்லிய எஃகு, நாலாவதான அனுமந்தரம் கனத்த தந்தி. நாலு தந்திக்கும் ஒரே மெட்டுத்தான் என்பதால் சில மெட்டுகளைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். உயரமும் ஒரு கணக்கு. ஒரு மெட்டில் அழுத்திய தந்தி அடுத்த மெட்டின் தலையைத் தொட்டுவிடக் கூடாது, பக்கவாட்டில் முழுக்க இழுத்தாலும் தொடக்கூடாது. இத்தனை திசையிலும் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து கொடுத்து, பிறகு அங்கேயே நின்றுவிடுகிற ஒரு பொருள் வேண்டும். அதற்குத்தான் மெழுகு. சூடு காட்டினால் இளகும், ஆறினால் பிடித்துக்கொள்ளும்.

தந்தியின் சரிபாதியில் நிற்கிறது பன்னிரண்டாம் மெட்டு, கால்பாகத்தில் இருபத்து நாலாவது. குதிரையை நெருங்க நெருங்க மெட்டுகள் நெருக்கியடித்துக்கொள்ளும். பதின்மூன்றாவதுக்கும் பதினாலாவதுக்கும் உள்ள இடைவெளி, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ளதில் பாதிதான். கீழ் ஸ்தாயியில் மன்னிக்கப்படுகிற பிசகு மேலே அபஸ்வரமாகிவிடும். பதினாறாம் மெட்டு, மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம், அன்றைக்கு எல்லோரையும் சோதித்தது. ஐந்து முறை எடுத்து ஐந்து முறை வைத்தார். முதல் நாலு முறையும் நான் வாசிக்க, அவர் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தார். எனக்கு நாலாவது முறையே சரியாகப் பட்டது. ஐந்தாவது முறை வாசித்தபோதுதான் நாலாவது ஏன் சரியில்லை என்று கேட்டது. சாயங்காலம் விளக்கு போட்ட பின்னும் வேலை நடந்தது. பக்கத்துப் பட்டறையில் யாரோ மரம் அறுப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் ஓர் இசைக்கருவிக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. நல்ல காரியம். ஆனாலும் அந்தப் பட்டறையில் யாளி செதுக்க ஓர் இளைஞர் இருந்தார், குடம் குடைய ஒருவர் பழகிக்கொண்டிருந்தார், மேளம் கட்டப் பெரியவரைத் தவிர யாரும் இல்லை. செதுக்குகிற கையைச் சில வருடங்களில் பழக்கிவிடலாம். மேளம் கட்டுபவரின் காது ஊறுவதற்கு ஆயிரம் வீணைகள் வேண்டும், அத்தனை வீணைகளைச் செய்யச் சொல்ல ஆட்கள் வேண்டும். நான் பார்த்த அளவில் அதுதான் குறைகிறது.

வீணை வீட்டுக்கு வந்த முதல் வாரம் குரல் இறுகித்தான் இருந்தது. புது மரம் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வீணை தனம்மாள் வாசிக்கும்போது கேட்க வந்தவர்கள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். அவ்வளவு மெல்லிய வாசிப்புக்கு முகங்கொடுக்கிற கருவி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே தினமும் மிக மெதுவாக வாசித்தேன். ஆடி முடிவதற்குள் குடம் அவிழ்ந்தது. பஞ்சமம் தனியாகத் தூக்கவில்லை. மற்றச் சுரங்களோடு சேர்ந்தே வந்தது. என் விரல் மட்டும் இன்னும் பழைய வழக்கத்தில் அந்த இடத்தில் தயங்குகிறது.

அடுத்த சித்திரை வெயிலில் மெழுகு இளகி, பதினாறாம் மெட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வீணையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு மட்டும் உங்க மேல கோவம்மா" என்று சொல்லி, சூடு காட்டி, நிமிர்த்தி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆறும்வரை எடுக்கவில்லை. இப்போது சாய்வெளிச்சத்தில் பார்த்தால் அந்த மெட்டின் அடியில் அவர் விரலின் ரேகை தெரிகிறது. துடைக்கும்போது துணி அங்கே படாமல் பார்த்துக்கொள்கிறேன்.