வாசிப்புத் திசையும் ஒளிப்படமும்

ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸ் நகரின் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த ஒளிப்படத்தில், ஒருவர் தேங்கிய நீரின் மேல் இடமிருந்து வலமாகத் தாவுகிறார். நீரில் கிடக்கும் ஏணி அவருக்குப் பின்னால், இடப்பக்கம் உள்ளது. இடமிருந்து படித்துப் பழகியவர்களுக்கு (தமிழரும் இவர்களில் அடக்கம்) இப்படம் ஒரு வாக்கியம்போல ஓடுகிறது: ஏணி, தாவல், தண்ணீர். வலமிருந்து படிப்பவருக்கோ தாவும் மனிதர் முதலில் எதிர்ப்படுவார். அவர் எங்கிருந்து தாவினார் என்பது பிறகே தெரியவரும்.

இது வெறும் ஊகமன்று. பிரெஞ்சு வாசகர் இடமிருந்து வலம் நோக்கிய படங்களையும், எபிரேய வாசகர் எதிர்த்திசைப் படங்களையும் கூடுதலாக விரும்பியதை ஷோக்ரோன், டி அகோஸ்டினி ஆகியோரின் ஆய்வு 2000-இல் காட்டியது.

ஆயினும், பழக்கத்தைக் கொண்டே இப்படத்தை விளக்கிவிட முடியாது. நீரைத் தொடவிருக்கும் குதிகால், எத்திசையில் படிப்பவரின் கண்ணையும் முதலில் பிடித்துவிடும். பின்னணிச் சுவரொட்டியில் ஒரு நடனக் கலைஞர் இடப்பக்கம் நோக்கித் தாவுகிறார். வலப்பக்கம் ஓடும் பார்வையை அவ்வுருவம் திருப்பி இழுக்கிறது. ஒளிப்பட நூல்கள் பல, ‘சரியான கண’த்தைப் புகழும் வேகத்தில் இந்த எதிரிழுப்பைப் போதிய அளவு கவனிப்பதில்லை.

மற்றொன்றும் உண்டு. பலகை வேலியின் இடுக்கு வழியே எடுத்ததால், படச்சுருளில் இடப்பக்கம் மறைந்துபோனது. அச்சிடும்போது அப்பகுதி வெட்டப்பட்டது. நாம் படிக்கத் தொடங்கும் விளிம்பு, அந்த வேலிப் பலகை முடிவு செய்த விளிம்பு.