மூன்றில் ஓடும் எஞ்சின்

மார்கழிப் பனியில் யாழ்ப்பாணத் தீவுப்பக்கக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இரவு முழுக்க நின்ற பழைய மொறிஸ் மைனர், விடியப்புறம் ஸ்ராட் பண்ணினால் இருமும், குலுங்கும், சூடேறியதும் சாதுவாகிவிடும். அதன் காரணத்தைப் பிடிக்கும் மெக்கானிக்கின் காதுக்கு நான் ரசிகன். ஓடும் எஞ்சினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். சத்தம் இன்னும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. மாற்றமே இல்லையென்றால் பிழை அங்கேதான். "மூண்டிலைதான் ஓடுது, தம்பி."

பிளக்கில் காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூடிவிட்டது. ஈரமாக, பெற்றோல் மணம் அடித்தால் பொறி வரவில்லை. தீவுப்பக்கம் உப்புக்காற்றை முதலில் சந்தேகிக்கலாம்: டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் உப்பும் பனியும் சேர்ந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசியும். சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். பத்து மணிக்குக் கராஜுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது.

மெக்கானிக்குகள் பலருக்கு இந்தக் காது 1990களில் பழகியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெய் குடித்த காலம் அது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, சூடானபின் மாற்றுவார்கள். மாற்றும் நொடியைச் சத்தம்தான் சொல்லும். பிழை காட்டும் இன்றைய ஸ்கானரைச் செருக மொறிஸ் மைனரில் இடமே கிடையாது.