கேஜன் இசையில் ஒரு கறுப்புக் குரல்

அமெரிக்காவின் தெற்கு லூசியானாவில் பிரெஞ்சு மொழியில் பாடுவோர் இரு சாரார். 1755 முதல் ஆங்கிலேயரால் அக்காடியாவிலிருந்து துரத்தப்பட்ட வெள்ளையரின் வழியினர் கேஜன். கறுப்பின, கலப்பின மக்கள் கிரியோல். முன்னவர் இசை கேஜன், பின்னவர் இசை சைடெகோ என்று விழாமேடைகள் பிரித்துரைக்கின்றன. 1974-இல் லாஃபயெட் நகரில் தொடங்கிய பெருவிழாவும் கேஜன் இசைக்குக் காணிக்கை என்றே பெயர் தாங்கிற்று. இப்பிரிவினை செவிக்குப் பொருந்தவில்லை என்பது நம் கருத்து.

கிரியோல் கலைஞர் அமேடே ஆர்ட்வானின் இசைத்தட்டுகளைக் கேட்போர் இதனை உணர்வர். அவர் அக்கார்டியன் இசைத்துப் பாட, வெள்ளையரான டென்னிஸ் மெக்கீ பிடில் வாசிக்க, 1929-இல் முதற்பதிவுகள் நிகழ்ந்தன. உச்சத்தில் ஏறி, உடைந்துவிடுமோ என நாம் அஞ்சும் இடத்திலே நின்று இரங்கும் குரல் அது. பிடிலோ முந்த முயலாமல் நிழலாய் உடன் செல்கிறது. பின்வந்த புகழ்மிக்க கேஜன் பாடகர் ஐரி லெஜூன் இவர் மெட்டுகளையே தம் பாடல்களுக்கு அடிப்படையாகக் கொண்டார்.

இசைத்தட்டில் இருவருக்கும் இடமிருந்தது, ஊரில் இல்லை. வெள்ளைப் பெண்ணொருத்தியின் கைக்குட்டையால் வியர்வை துடைத்ததற்காக ஆர்ட்வான் கொடுமையாகத் தாக்கப்பட்டார் என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. 1942-இல் மனநோய் மருத்துவமனையில் மாண்டார். 2018-இல் ஒப்பலூசாஸ் அருகே அவருக்குச் சிலை எழுந்தது. நன்று. ஆயினும், மேடையில் கேஜன் மெட்டு என அறிவிப்போர் இவர் பெயரையும் சேர்த்துச் சொன்னாலென்ன?